வீடும் வீதியும்



எங்கள் ஆலய முகப்பில், லூர்து அன்னை கெபிக்கு அருகே, ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகப் பூ விற்று வந்தவர் ஒரு மூதாட்டி. திருப்பலிக்கு வருவோரில் பலர் அவரிடம் ஒரு முழம் பூவாவது வாங்காமல் உள்ளே செல்வதில்லை. சில மாதங்களாக அவரைக் காணாததால், நோயுற்றிருப்பாரோ என்னும் ஐயத்துடன், அவர் குடும்பம் குடிபெயர்ந்திருந்த இடத்திற்கு ஒரு நாள் மாலை சென்றேன். நோய் ஒன்றும் இல்லை. புது வீட்டின் வாசற்படியில் அமர்ந்து, ஆளரவமற்ற சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நலம் விசாரித்தேன். “வீடு கிடைத்தது, சாமி; ஊர்தான் போய்விட்டது” என்றார்.

அச்சொல் என்னைச் சுட்டது. காரணம், அந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தவர்கள் நாங்களே. பங்கு மக்களிடம் நிதி திரட்டி, நன்கொடையாளர் ஒருவர் மனமுவந்து அளித்த நிலத்தில், நகரிலிருந்து 11 கிலோமீட்டர் தொலைவில் இருபத்து நான்கு வீடுகளை எழுப்பினோம். அடிக்கல்லை மந்திரித்தவன் நானே. கூரை ஒழுகாதா, சுவர் நிற்குமா, கிணற்று நீர் குடிக்கத் தகுமா என்றெல்லாம் கொத்தனாரிடம் துருவித் துருவிக் கேட்டேன். இங்கு வாழப்போகிறவர்கள் எங்கே சென்று பிழைப்பார்கள் என்று மட்டும் ஒருவரிடமும் கேட்கவில்லை. தமிழகத்தில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். அது ஏழைப் பெண்களுக்குப் பேருதவி. ஆனால் எங்கள் குடியிருப்புக்குப் பேருந்து நாளில் மூன்று முறையே வருகிறது. முதல் பேருந்து பிடித்து நகரை அடைவதற்குள் பூச்சந்தை முடிந்துவிடுகிறது. இன்று அந்த இருபத்து நான்கு வீடுகளில் ஒன்பது பூட்டிக் கிடக்கின்றன. அவற்றின் உரிமையாளர்கள் நகருக்குத் திரும்பி, ஒற்றை அறையில் வாடகைக்கு ஒடுங்கி வாழ்கின்றனர்.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதைக் காலம் கடந்து கற்றேன். கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இம்மாதக் கட்டுரையின் நோக்கம்.

வீட்டைப் பற்றித் திருச்சபை பேசாமல் இருந்ததில்லை. தொழிலாளி தன் ஊதியத்தில் சிறிது மிச்சப்படுத்தித் தனக்கென்று ஒரு சிற்றுடைமை தேடிக்கொள்ளக் கூடியவனாக இருக்க வேண்டும் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-ஆம் ஆண்டிலேயே எழுதினார். வீடற்றோருக்கென ஐக்கிய நாடுகள் அவை ஒதுக்கிய 1987-ஆம் ஆண்டில், இரண்டாம் அருள் சின்னப்பர் திருத்தந்தையாக இருந்த காலத்தில், நீதிக்கும் அமைதிக்குமான திருப்பீட ஆணைக்குழு வீடற்ற சகோதரனைக் குறித்து நம் மனச்சான்றைக் கேள்வி கேட்டு ஓர் ஏட்டை வெளியிட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய சுற்றுமடலில் இன்னும் ஒரு படி மேலே சென்றார். வீடு என்பது மனித மாண்பையும் குடும்ப வளர்ச்சியையும் சார்ந்தது என்றதோடு, ஏழைகளின் குடியிருப்புகள் நகரோடு ஒன்றிணைந்திருக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்தினார். நாங்கள் தவறவிட்டது இந்த இரண்டாவது கருத்தையே.

தவறாமல் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனி நாட்டின் ஆக்ஸ்பர்க் நகரைக் கேளுங்கள். அங்கே யாக்கோபு ஃபுக்கர் என்னும் பெருவணிகர் வாழ்ந்தார். பேரரசர்களுக்கே கடன் கொடுத்தவர் அவர். புனிதர் அல்லர், மார்ட்டின் லூத்தர் கண்டித்த பாவப்பரிகாரப் பலன் வசூலிலும் அவருடைய நிறுவனத்திற்குப் பங்கிருந்தது. ஆயினும் தம் பெயராலும் தம் உடன்பிறந்தார் பெயராலும் 1521-ஆம் ஆண்டில் அவர் ஏற்படுத்திய அறக்கட்டளை, உழைத்தும் வறுமை நீங்காத கத்தோலிக்கக் கைவினைஞருக்கும் கூலியாளருக்கும் ஒரு குடியிருப்பை அமைத்தது. ‘ஃபுக்கரை’ எனப்படும் அது ஐந்நூறு ஆண்டுகள் கடந்து இன்றும் நிலைத்திருக்கிறது. 67 வீடுகள், அவற்றுள் 140 குடித்தனங்கள். ஆண்டு வாடகை அன்று ஒரு ரைன் நாட்டுப் பொற்காசு. இன்றும் அதே கணக்குத்தான், 88 சென்ட், அதாவது ஒரு யூரோவிலும் குறைவு. பணத்திற்கு மேல் கேட்கப்படுவது ஒன்றே: நாள்தோறும் ஒரு பரலோக மந்திரம், ஒரு மங்கள வார்த்தை செபம், ஒரு விசுவாசப் பிரமாணம் ஆகியவற்றை நிறுவியவர் குடும்பத்திற்காகச் சொல்ல வேண்டும்.

வாடகையின் குறைவைக் கண்டு நாம் வியப்போம். அதை விடக் கவனிக்க வேண்டியவை வேறு உண்டு. அக்குடியிருப்பு ஊருக்கு வெளியே தள்ளப்படவில்லை. மதில் சூழ்ந்த பழைய நகருக்குள்ளேயே, நகர மன்றத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் அமைக்கப்பட்டது. இரண்டு தளங்கள் மட்டுமே. கீழ்க் குடித்தனத்திற்கும் மேல் குடித்தனத்திற்கும் தெருவிலிருந்து தனித்தனிக் கதவு. கீழே வாழ்வோர்க்குச் சிறு தோட்டம். மேலே வாழ்வோர்க்குப் பரண். தெரு விளக்கில்லாத அக்காலத்தில், இருளில் தடவிப் பார்த்துத் தன் வாசலை அறியும்படி, ஒவ்வொரு வாசலின் மணி இழுகம்பியும் வெவ்வேறு வடிவில் செய்யப்பட்டது. ஏழைக்கும் தனக்கென்று ஒரு வாசல் வேண்டும் என்று எண்ணிய உள்ளத்தை அதில் காண்கிறோம். இரண்டாம் உலகப் போரில், 1944-இல், குண்டுவீச்சால் அது பெரும்பாலும் அழிந்தது. அறக்கட்டளையினர் மனம் தளராமல் மீண்டும் கட்டினர். அதைக் காக்கும் வருவாய் பெரும்பாலும் அறக்கட்டளையின் காடுகளிலிருந்தும் சொத்துகளிலிருந்தும் வருகிறது. வீட்டைக் கட்டியவர் அதைப் பேணுவதற்கான வழியையும் சேர்த்தே அமைத்தார்.

இனி, நம் நாட்டு அனுபவத்தையும் சேர்த்து, நான் கற்ற பாடங்களை வரிசைப்படுத்துகிறேன்.

முதலாவது பாடம்: வீட்டை மக்கள் பிழைக்கும் இடத்தருகே அமைக்க வேண்டும். 1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோன்றியபோது, ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்பதைத் தன் முழக்கமாகக் கொண்டது. தொடக்க காலத்தில் குடிசைகள் இருந்த இடத்திலேயோ அதன் அருகிலேயோ மாடிக் குடியிருப்புகள் கட்டப்பட்டன. சென்னையில் மீன் விற்றவர் மீன் விற்றார். வீட்டு வேலைக்குச் சென்றவர் நடந்தே சென்று திரும்பினார். பின்னர் நிலவிலை ஏறியது. 2000-க்குப் பின் கண்ணகி நகரிலும், அதன் பின் பெரும்பாக்கத்திலும் ஆயிரக்கணக்கில் வீடுகள் எழுந்தன. 2015-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்திற்கு அனுப்பப்பட்டன. வெள்ளத்தின் ஆபத்து நீங்கியது உண்மை. ஆனால் வட சென்னையிலும் நகரின் நடுவிலும் வேலை செய்தவர்கள் நாள்தோறும் நெடுந்தொலைவு செல்ல நேர்ந்தது. நடுவில் படிப்பை நிறுத்திய பிள்ளைகளும் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். போக வர ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். இருவர் 25 நாள் சென்றால் மாதம் 2,500 ரூபாய். விலையின்றிக் கிடைத்த வீட்டிற்கு இதுவே வாடகை. இதில் பயணத்தில் கழிந்த மணி நேரங்களும், தாய் திரும்பும்வரை தனித்திருக்கும் குழந்தையின் அச்சமும் சேரவில்லை.

இரண்டாவது: வீடு குடும்பத்தோடு வளர இடம் கொடுக்க வேண்டும். 1977-இல் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தின் கீழ், உலக வங்கியின் உதவியுடன், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் ஒரு புது முயற்சி நடந்தது. முழு வீடு கட்டித் தருவதற்குப் பதிலாக, சிறு மனையும் சாலையும் குடிநீரும் கழிவுநீர் வசதியும் முதலில் தரப்பட்டன. மக்கள் தங்கள் கையிருப்பிற்கு ஏற்ப அறை அறையாகக் கட்டிக்கொண்டனர். பெரிய மனைகளையும் கடை மனைகளையும் கூடுதல் விலைக்கு விற்று, சிறு மனைகளின் விலையைக் குறைத்தனர். அன்று நகரின் ஓரமாக இருந்த அரும்பாக்கம் இன்று கடைகளும் பள்ளிகளும் நிறைந்த நடுநகராகத் திகழ்கிறது. மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் பாலகிருஷ்ண தோஷி என்னும் கட்டடக் கலைஞர் ‘ஆரண்யா’ குடியிருப்பை இதே கொள்கையில் அமைத்தார். ஏறக்குறைய 6,500 மனைகள். மிகச் சிறியது 35 சதுர மீட்டர். தளமும் கழிப்பறையும் சமையலுக்கான இடமும் ஓர் அறையும் அடிப்படை. மற்றது குடும்பத்தின் உழைப்பு. மகன் திருமணத்திற்கு ஓர் அறை, மகள் பேறுகாலத்திற்கு ஒரு திண்ணை என்று வளர்வதுதானே நம் வீடுகளின் வரலாறு? இரும்புக் கதவிட்ட எட்டாம் தளத்து வீடு எவ்வாறு வளரும்?

மூன்றாவது: சிக்கனமாகக் கட்டுவது வேறு, மட்டமாகக் கட்டுவது வேறு. இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-இல் அங்கேயே மறைந்த லாரி பேக்கர் இதை வாழ்நாள் முழுவதும் செய்து காட்டினார். செங்கற்களைப் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் முறையில் ஏறக்குறைய கால் பங்குச் செங்கல் மிச்சமாகிறது; வெயிலின் வெம்மையும் உள்ளே இறங்குவதில்லை. கூரைக் காங்கிரீட்டின் கீழ்ப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்தால் சிமெண்டும் கம்பியும் குறைகின்றன. பூசாத செங்கல், சன்னலுக்குப் பதில் காற்றுப் புகும் துளைச்சுவர், இவையெல்லாம் அவர் கையாண்ட வழிகள். பூந்துறைக் கடற்கரையில் நம் மீனவ மக்களுக்கு அவர் வீடுகள் அமைத்தபோது, போர்வீரர் வரிசை போல் நிறுத்தாமல், ஒன்றிலிருந்து ஒன்று சற்று விலகி நிற்குமாறு அமைத்தார். அதனால் ஒவ்வொரு வீட்டிற்கும் கடற்காற்று கிடைத்தது. வலை உலர்த்தவும் பிள்ளைகள் ஆடவும் முன்னே இடம் கிடைத்தது. இதற்குக் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை. கூடுதல் சிந்தனையே வேண்டியிருந்தது.

நான்காவது: கடையும் வீடும் பிரியாமல் இருக்க வேண்டும். நம் பழைய கடைவீதிகளைப் பாருங்கள். கீழே பலசரக்குக் கடை, மேலே கடைக்காரர் குடும்பம். காலையில் கோலம், பகலில் வணிகம், மாலையில் பிள்ளைகளின் பாடம், இரவில் மாடி விளக்கின் ஒளி. அவ்வீதியில் எந்நேரமும் ஒரு மனிதக் கண் இருந்தது. அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் பெண்மணி 1961-இல் எழுதிய நூலில் இதனையே வாதிட்டார்: பலவகைப் பயன்பாடுகள் கலந்து, எந்நேரமும் மக்கள் நடமாடும் தெருவே பாதுகாப்பான தெரு, புதுக் கட்டடத்தின் வாடகையைத் தாங்க முடியாத சிறு தொழில்கள் பிழைக்கப் பழைய கட்டடங்களும் ஊரில் இருக்க வேண்டும். இன்று நம் சிறு நகரங்களில் நடப்பது என்ன? கடைக்காரர்கள் புறநகரில் மாளிகை கட்டிச் சென்றுவிட்டனர். மாடிகள் சரக்கறைகளாயின. இரவு ஒன்பது மணிக்கு மேல் கடைவீதியில் நாய்களே காவல்.

ஐந்தாவது: வீதி முதலில் நடப்பவனுக்கு உரியது. ஸ்பெயின் நாட்டில், சந்தியாகப்பர் கல்லறைக்குச் செல்லும் யாத்திரைப் பாதைகளுள் ஒன்றில் அமைந்த பொந்தெவேத்ரா நகரம், 1999 முதல் தன் பழைய நகர்ப்பகுதியில் வாகனப் போக்குவரத்தைப் பெரிதும் விலக்கியது. சரக்கு இறக்கவும், அங்கு வாழ்வோர் வந்து போகவும், உடல் ஊனமுற்றோர்க்கும் வழி உண்டு; வெறுமனே கடந்து செல்லும் வண்டிகளுக்கு இல்லை. வணிகம் அழியும் என்று அஞ்சியவர்கள் அங்கும் இருந்தனர். நடந்ததோ வேறு, நகர நடுவே மக்கள் வாழ விரும்பி வந்தனர், பிள்ளைகள் தனியே பள்ளிக்கு நடந்தனர். சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரிலும் 2019-இல் நடைபாதைகள் அகலமாக்கப்பட்டன. நம் ஊர்களுக்குப் பெருந்திட்டம் எதுவும் தேவையில்லை. நிழலுக்கு நான்கு வேப்ப மரம், அமர ஒரு கல் திண்ணை, பெண்கள் அச்சமின்றிச் செல்லத்தக்க ஒரு தூய கழிப்பறை, பூக்காரிக்கும் காய்கறிக்காரிக்கும் யாரும் விரட்டாத ஓர் இடம்: இவ்வளவே போதும், வீதிக்கு உயிர் வரும்.

ஆறாவது: கட்டுவதற்கு முன் பேணுவதைப் பற்றி எண்ண வேண்டும். ஃபுக்கருக்குக் காடுகள் இருந்தன. நமக்குக் கடைகள் இருக்கலாம். கீழ்த்தளக் கடை வாடகையில் ஒரு பகுதி மேல்தளத்தின் கூரையையும் குழாயையும் பேணுமானால், ஏழையின் வாடகையை ஏற்ற வேண்டிய தேவையே இராது.

இவ்வளவும் எழுதக் காரணம் ஒன்றுண்டு. கடைவீதியில் எங்கள் பங்கிற்குச் சொந்தமான பழைய விடுதிக் கட்டடம் பல ஆண்டுகளாகப் பயனின்றி நிற்கிறது. அதை இடித்து, வாகனம் நிறுத்த இடத்துடன் ஒரு திருமண மண்டபம் கட்டலாம் என்று பங்குப் பேரவையில் பலர் விரும்புகின்றனர். அவர்கள் கருத்தை நான் எளிதாக ஒதுக்கவில்லை. மண்டபம் நல்ல வருவாய் தரும்; பள்ளிக்கும் அந்த வருவாய் தேவை. ஆயினும் முகூர்த்த நாள்கள் போக ஆண்டின் பெரும்பகுதி அது பூட்டிய கதவாகவே நிற்கும். அதற்கு மாறாக, பழைய சுவர்களைச் சீர்செய்து கீழே ஐந்து கடைகளும் மேலே எட்டுச் சிறு வீடுகளும் அமைக்கலாம் என்பது என் கருத்து. வருவாய் குறையும், இல்லாமற் போகாது. எட்டுக் குடும்பங்கள் ஆலய மணியின் ஓசை கேட்கும் தொலைவில் வாழும். அடுத்த மாதம் பேரவை கூடி முடிவெடுக்கும். அதன்பின் ஆயர் அவர்களின் அனுமதியை நாட வேண்டும். முடிவு எதுவாயினும் பணிவேன். ஆனால் இம்முறை கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் அடிக்கல்லை மந்திரிக்க மாட்டேன்.

‘இது பங்குத்தந்தையர் கவலை, எங்களுக்கு என்ன?’ என்று வாசகர்கள் எண்ணலாகாது. கடைவீதியில் மாடி வீட்டைப் பூட்டி வைத்திருப்போர் நம்மிடையே பலர் உள்ளனர். வாடகைக்கு வருவோரிடம் ‘நீங்கள் எந்த ஆள்?’ என்று சாதியைக் கேட்டுக் கதவைச் சாத்துவோரும் உள்ளனர். ஞாயிறுதோறும் அவர்களும் நற்கருணை வாங்குகின்றனர். கைம்பெண்ணுக்கு வீடு தர மறுப்போர் உண்டு. முன்பணம் என்று ஓராண்டு ஊதியத்தைக் கேட்போர் உண்டு. பெத்லகேமில் இடமில்லை என்று சொன்ன சத்திரக்காரனைக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் நாம் வெறுக்கிறோம். சூசையப்பர் நம் வாசலில் வந்து, தச்சுத் தொழிலாளி, மனைவி நிறைமாதக் கர்ப்பிணி, முன்பணம் இல்லை என்று நின்றால் நாம் என்ன சொல்வோம்?

விவிலியத்தில் நெகேமியா மதிலைக் கட்டி முடித்த பின் ஒரு குறையைக் கண்டார். நகரம் விரிந்து பரந்து கிடந்தது. ஆனால் உள்ளே மக்கள் சிலரே, வீடுகளும் கட்டப்படவில்லை. ஆகவே சீட்டுப் போட்டு, பத்தில் ஒருவர் எருசலேமில் வந்து குடியேறுமாறு செய்தனர். மதிலும் ஆலயமும் மட்டும் இருந்தால் ஊராகாது என்று அவர்கள் உணர்ந்தனர். இறைவாக்கினர் செக்கரியாவுக்கு ஆண்டவர் காட்டிய மீட்பின் காட்சியும் எத்துணை எளியது! முதியோர் கைத்தடியூன்றி எருசலேமின் வீதிகளில் அமர்ந்திருப்பர். சிறுவரும் சிறுமியரும் அவ்வீதிகளில் நிறைந்து விளையாடுவர். பொன்னோ மாளிகையோ அங்கு பேசப்படவில்லை. முதியவர் அமர ஓரிடம், குழந்தை ஆட ஓரிடம். இதையே இறைவன் தம் நகரின் அடையாளமாகக் காட்டினார்.

எங்கள் கெபியின் அருகே பூக்கூடை வைத்த கல் இன்னும் காலியாகவே கிடக்கிறது. அதைக் கடந்துதான் நாள்தோறும் பீடத்திற்குச் செல்கிறேன். அந்தத் தாய் மீண்டும் அங்கே வந்து அமரும் நாளுக்காக நீங்களும் ஓர் அருள்நிறை மரியே சொல்லுங்கள். உங்கள் மாடி வீட்டின் சாவி எங்கே இருக்கிறது என்பதையும் தேடிப் பாருங்கள்.